நாற்பத்து நான்கு பேர் வாயில் தறி ஓடிய கதை

மின்வாரியம் மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துகிற நாள் ஒன்று உண்டு. ஆடி மாதத்தில் அந்த நாளன்றுதான், எங்கள் வெள்ளியங்காட்டுப்புதூரில் நாற்பத்து நான்கு பேருடைய வாய்க்குள் விசைத்தறி ஓடிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது. அது ஓடத் தொடங்கி அதற்குள் மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாள் எப்படித் தெரியாமல் போகும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அறுநூறு தறி இரவும் பகலும் ஓடுகிற ஊரில் ஒரு வாரம் தங்கிப் பார்த்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள். இங்கே யாரும் யார் பேசுவதையும் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம், புரியாததைக் கையால் கேட்கிறோம், கையாலும் ஆகாததை அப்படியே விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதில் கல்யாணங்கள் நடந்திருக்கின்றன, பாகப்பிரிவினைகள் நடந்திருக்கின்றன, பக்கத்து வீதியில் ஒருவர் செத்துப்போனதை நாலு நாள் கழித்துத் தெரிந்துகொண்டதும் நடந்திருக்கிறது.

அன்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனதும், எப்போதும்போல் முதலில் காதுக்குள் ஒரு ரீங்காரம் வந்தது, அது அடங்கியதும் காக்கை கேட்டது, பஸ் ஸ்டாப்பில் யாரோ காறித் துப்புவது கேட்டது, பிறகு, நின்றுபோன அத்தனை தறிகளுக்கும் நடுவில் நிற்காத தறி ஒன்று கேட்டது. அது பேக்கரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டர் மருதாசலத்தின் வாயிலிருந்து வந்தது. சர்க்கரை கம்மியாக என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார், தடக் தடக் தடக் தடக் என்று நல்ல ஓட்டத்தில் இருக்கிற தறி ஓடியது, வாயை மூடினார், நின்றது. டீ மாஸ்டர் அவரையே பார்த்தார். "சார், சக்கர கம்மியாத்தானுங்க?" என்றார். ஹெட்மாஸ்டர் தலையாட்டினார், டீ வந்தது, குடித்தார். அதிசயத்தைப் பார்த்தவுடன் கையில் இருக்கிற வேலையை முடித்துக்கொள்வது எங்கள் ஊர்ப் பழக்கம்.

பத்து மணிக்குள் குழாயடியில் பழனாத்தாள் வாயில் தறி ஓடியது, ரேஷன் கடையில் எடைபோடுகிறவர் வாயில் ஓடியது, மாகாளியம்மன் கோவிலில் பூசாரி மந்திரத்துக்கு வாயைத் திறந்தபோதும் ஓடியது. நாங்கள் எண்ணினோம், நாற்பத்து நான்கு. இவர்களுக்குள் பொதுவானது எது என்று மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒரே சாதியில்லை, ஒரே வீதியில்லை, ஒரே கட்சியுமில்லை, தண்ணீர்தான் காரணம் என்றால் அதே தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். எல்லாருக்கும் முன்னால் எனக்கு விளங்கிவிட்டது, ஆனால் நான் சொல்லவில்லை. என் பெயர் சென்னியப்பன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்தக் காரியத்திலும் கடைசியாக வாயைத் திறக்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். அந்த நாற்பத்து நான்கு பேரும் துளசிமணியக்காவின் பாட்காஸ்ட்டில் பேசியவர்கள், அக்காவையும் சேர்த்து.

துளசிமணியக்காவும் அவள் புருஷன் ஆறுக்குட்டி மாமாவும் கிட்டுசாமி ஓனருடைய குடோனில் எதிரெதிர்த் தறியில் பதினோரு வருஷம் நின்றவர்கள். பாவு நூலுக்குள் இங்கும் அங்கும் ஓடுகிற மரக்கட்டையை நாடா என்போம், அதன் இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் அது தறியை விட்டுத் தெறித்து மாமாவின் இடது கண்ணில் இறங்கியது, ஆறு மாதத்தில் வலது கண்ணும் போனது. அதற்குப் பிறகு, தறிச்சத்தம் கொஞ்சம் தேய்ந்து வருகிற காட்டோரத்தில் ஒரு ஓட்டு வீட்டுக்கு இருவரும் குடி போனார்கள், அக்கா மட்டும் தறிக்குப் போய்வந்தாள். பெண்டாட்டியின் குரலை மாமா முதன்முதலாகக் கேட்டது அந்த வீட்டில்தான். இதை அவர் வாயாலேயே நான் கேட்டிருக்கிறேன். "பதினோரு வருசம் எதுத்தாப்ல நின்னு வாயசைக்கறதத்தான் பாத்திருக்கறேன் மாப்ள. கண்ணு போன பொறவுதான் இவ கொரலு இப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியும். கண்ணுக்குப் பதிலா இது கெடச்சுதுன்னு வெச்சுக்க" என்றார். அந்தக் குரல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையை நீட்டித்தான் அவர் சோறும் தண்ணியும் வாங்குவார்.

புருஷன் அப்படிச் சொன்னதில்தான் அக்காவுக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஊரில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதேயில்லை, கத்துவதைத்தான் கேட்டிருக்கிறோம், மெதுவாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு செத்துப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு போனை வாங்கினாள், பாட்காஸ்ட்டுக்கு 'துளசிமணி ரேடியோ' என்று பெயர் வைத்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருவராக வீட்டுக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தாள். ஆரம்பத்தில் வந்தவர் பெயரைச் சொல்வாள், பிறகு கேள்வி கேட்க மாட்டாள், பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் ஜனங்கள் பேசினார்கள். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தும் பின்னக் கணக்கு தனக்கு இன்னும் சரியாக வராது என்று ஹெட்மாஸ்டர் சொன்னார். தன்னோடு பிறந்த இரட்டைப்பிள்ளை செத்தபோது அதன் பெயரைத்தான் தனக்கு வைத்தார்கள், தன் சொந்தப் பெயர் என்னவென்று சொல்ல இப்போது யாரும் உயிரோடு இல்லை என்று பழனாத்தாள் சொன்னாள். மழையில்லாத வருஷத்தில் அம்மனைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டேன், மறுநாளே மழை பெய்துவிட்டது, அந்த முகத்தில் முழிக்க எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது என்றார் பூசாரி. சூரத்துக்கும் துபாய்க்கும் பிழைக்கப்போன எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே உட்கார்ந்து கேட்டு அழுதார்கள்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. காட்டோர வீடானாலும் எல்லாப் பதிவிலும் பின்னால் தறி ஓடியது. முதல் பதிவை எடுத்துக்கொண்டு அக்கா என் கடைக்குத்தான் வந்தாள்.

"சென்னியப்பா, இந்தத் தறிச்சத்தத்த எப்பிடியாச்சும் மறைக்க முடியுமா பாரு. பேசறவிய கொரலத் தின்னுபோடுது."

"பாட்டு ஒண்ணப் போட்டு அமுக்கிப் போடலாங்கக்கா."

"பாட்டுப் போட்டா யாராச்சும் கேக்க மாட்டாங்களா?"

"பதினஞ்சு செகண்டு வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க. அது இனாமு."

இதைச் சொன்னது நான். எங்கேயோ ஒரு வீடியோவில் யாரோ ஒருவன் சொல்லக் கேட்டு, என்னமோ சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி அவளுக்குச் சொன்னேன். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் போடுகிற ஒரு பழைய சினிமாப் பாட்டின் ஆரம்பத்திலிருந்து, வயலினும் புல்லாங்குழலும் வருகிற பதினைந்து விநாடியை வெட்டினேன். பேச்சு இருபது நிமிஷம் இருந்தது, வெட்டியதை எண்பது தடவை அடுத்தடுத்து ஒட்டினேன். பதினைந்து விநாடி இனாம் என்றால் எண்பது பதினைந்து விநாடியும் இனாம்தானே என்பது என் கணக்கு. அதோடு விட்டேனா, ஒவ்வொரு பதிவுக்கும் கீழே, 'இந்தப் பாட்டு எங்களுடையதல்ல, இதன் உரிமை முழுவதும் உரியவர்களுக்கே' என்று டைப் அடித்தும் போட்டேன். அப்படி எழுதிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் என்னைப்போல் சின்னதாகச் செய்கிறவர்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். போனில் இடம் பத்தவில்லை என்று, பாட்டு கலந்து முடிந்ததும் பாட்டில்லாத பழைய பதிவை அழித்துவிடுவேன். நாற்பத்து மூன்று வாரம் இப்படியே செய்தேன்.

ஆனி மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது. பாட்டுக்கு உரிமையுள்ள கம்பெனி எழுதியிருந்தது. உங்கள் நாற்பத்து மூன்று பதிவிலும் எங்கள் சொத்து இருக்கிறது, அது உங்களுடையதல்ல என்று நாற்பத்து மூன்று இடத்தில் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், ஏழு நாளில் பதில் இல்லையென்றால் எங்கள் சொத்தை நாங்களே எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா மெரட்டறாங்கக்கா, எடுத்தா எடுத்துக்கட்டும்" என்றேன். எட்டாம் நாள் எடுத்துக்கொண்டார்கள். பாட்டுக்கு மேலே பேச்சு, பேச்சுக்கு அடியில் பாட்டு என்று நான் இழைத்து வைத்திருந்தேன், அவர்கள் உருவியபோது இரண்டும் சேர்ந்தே போனது, அடியில் கிடந்த தறிச்சத்தம் மட்டும் மிஞ்சியது. பதிவுகளில் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, பேசியவர்களின் தொண்டையிலும் அப்படியே போயிற்று. விஷயம் தெரிந்ததும் பழனாத்தாளின் புருஷன் ஒன்றுதான் சொன்னான். "கொழம்புல போட்ட உப்பத் திருப்பிக் கேட்டானுக, கொழம்போட தூக்கீட்டுப் போயிட்டானுக" என்றான்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பஞ்சுத்தூசி ஒவ்வாமை என்று எழுதி மஞ்சள் மாத்திரை கொடுத்தார். மனு கொடுத்தோம். மனுவை வாங்கிய அலுவலகம் அதை ஜவுளிக்கான அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க, மேற்படி நாற்பத்து நான்கு தறிகளுக்கும் மின் இணைப்பு எண் என்ன என்று கேட்டு அங்கிருந்து கடிதம் வந்தது, அதற்கு இன்னும் பதில் போடவில்லை. கோவிலில் பூசாரி வாயைத் திறந்து தறியை ஓட்டிக்கொண்டே தீபாராதனை காட்டினார், நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு திருநீறு வாங்கிக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளைகள் தாமாகவே படித்துக்கொண்டன. தொட்டில் கட்டுகிற வீடுகளில் ஒரு மாற்றமும் இல்லை, எங்கள் ஊர்க் குழந்தைகள் என்றைக்கும் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியிருக்கின்றன. கிட்டுசாமி ஓனருக்கு மட்டும் சந்தோஷம். வாயில் தறி ஓடுகிறவர்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்று, ஆள் எடுக்கும்போது அவர்களைத்தான் முதலில் எடுத்தார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டது. பொள்ளாச்சியிலிருந்து பெண் கேட்டு வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். நாற்பத்து நான்கு பேரில் நாலு பேர் ஒரே இடத்தில் கூடினால் நாலு தறி ஓடுகிறது, தலை வலிக்கிறது என்று மற்றவர்கள் எழுந்து போனார்கள். யாரும் யாரையும் தள்ளி இரு என்று சொல்லவில்லை, ஆனால் ஆடி முடிவதற்குள் பேக்கரியில் அவர்களுக்கு என்று ஒரு பெஞ்ச் தனியாக ஆகிவிட்டது. பழனாத்தாளின் மகன் சூரத்தில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். அவள் போனைக் காதில் வைத்து அவன் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஏம்மா பேச மாட்டேங்கற, எம்மேல என்ன கோவம் என்று அவன் கத்துவது தறிச்சத்தத்தையும் மீறிப் பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்கும். நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிடவில்லை. அந்தப் பாட்டைப் போடச் சொன்னது யார் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாலும் எப்படிச் சொல்வாள்?

மற்றவர்களுக்காவது முகம் இருந்தது, கை ஜாடை இருந்தது, எழுதிக் காட்டப் பேனா இருந்தது. ஆறுக்குட்டி மாமாவுக்கு அக்கா என்றால் அவள் குரல்தான். குரல் போன முதல் நாள் அவள் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் போய் மாமா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். காதுக்குப் பக்கத்தில், கண்ணைக் குத்திய அதே தறி ஓடியது. மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். வாயே திறக்காமல் இருந்துவிடலாம் என்று பார்த்தாள், முடியவில்லை. பதினெட்டு வருஷப் பஞ்சு அவள் நெஞ்சில் இருந்தது, இருமல் வரும், இருமினால் தறி, கொட்டாவி விட்டால் தறி, அழுதாலும் தறிதான்.

நான் போய் மாமாவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

"அது அக்காதானுங்க மாமா. அக்காவுக்குக் கொரலு போயிருச்சு, அவ்வளவுதான்."

"ஊட்டுக்குள்ள தறியக் கொண்டாந்து உட்டுப்போட்டு, அதயப் பொண்டாட்டிங்கறயா?"

"கையத் தொட்டுப் பாருங்க மாமா."

"துளசி எங்க போனான்னு மட்டும் சொல்லு மாப்ள. செத்துப்போனான்னாலும் சொல்லிரு, தாங்கிக்கறேன்."

அப்படிச் சொல்லும்போது அக்கா அவர் காலடியில்தான் உட்கார்ந்திருந்தாள். வாயை முந்தானையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முப்பத்தெட்டு நாள் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அவருக்குச் சோறு ஊட்டினாள், தலையில் எண்ணெய் வைத்தாள். பேசாத கையிடம் அவர் வேறு வழியில்லாமல் சாப்பிட்டார், இளைத்தார், வாசல் பக்கம் முகத்தைத் திருப்பித் துளசி துளசி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முப்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது இருமல் முட்டி, அடக்க முடியாமல், அவர் முகத்துக்கு நேராக வாய் திறந்துவிட்டது. கட்டிலுக்கடியில் ஒரு இரும்புக் கம்பி வைத்திருந்திருக்கிறார், அது எங்களுக்குத் தெரியாது. சோற்றோடு நீட்டியிருந்த வலது கை மேல் மூன்று தடவை அடித்தார். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. வலி தாங்காமல் அவள் அலறிய அலறல் எங்கள் வீதிக்கே கேட்டது, கிட்டுசாமி குடோனில் புதுத் தறி போட்டிருக்கிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் கடைக்கு வந்து நின்று, கம்பெனியின் கடிதத்தை என் முன்னால் வைத்தாள். மாமாவைப் பார்த்துக்கொள்ளப் பழனாத்தாளின் புருஷனை வைத்துவிட்டு இருவரும் சென்னைக்கு ரயில் ஏறினோம். வழியெல்லாம் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

கம்பெனி ஆபீஸ் ஏழாவது மாடியில் இருந்தது. காத்திருக்கும் இடத்தில் எங்களுக்கு முன்பே பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையல் குறிப்புச் சொல்லும் காரைக்குடி அம்மா ஒருத்தி டோக்கன் வாங்க வாயைத் திறந்தாள், குக்கர் விசில் அடித்தது. பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் திருச்சிப் பெண்ணின் வாயில் பழைய சீலிங் ஃபேன் சுற்றியது. சீர்காழி வாத்தியார் ஒருவர் பேசினால் தகரக் கூரையில் மழை பெய்தது, அவர் மட்டும் கொஞ்சம் கேட்கும்படியாக இருந்தார். எந்தச் சத்தத்தை மறைக்க அவரவர் பாட்டைப் போட்டார்களோ அந்தச் சத்தம் அவரவருக்கு மிஞ்சியிருந்தது. யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை, ரேஷன் கடையில் முறைக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்தோம்.

உள்ளே இருந்தவர் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர், அக்காவுக்கு நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார்.

"நாங்க எங்க பாட்ட மட்டும்தான் மேடம் எடுத்தோம். உங்க குரலை நாங்க தொடவேயில்ல. ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, இப்ப பிரிக்க முடியல."

"திருப்பிக் கொடுக்க முடியாதுங்களா சார்?" என்றேன் நான்.

"பாட்டு கலக்காத ஒரிஜினல் பதிவு இருந்தா கொண்டாங்க. அதுல என்ன இருக்கோ அது அவங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு."

ஃபார்ம் அச்சடித்துத் தயாராக இருந்தது, குரல் இழந்தவரின் பெயர் என்று முதல் கட்டமே இருந்தது. நான் அக்காவின் போனை வாங்கி மூலை முடுக்கெல்லாம் தேடினேன். எல்லாம் நான் அழித்தவை. ஒன்று மட்டும் இருந்தது. மாசி மாதத்து மின்தடை நாளில் எடுத்தது, தறி ஓடாத நாள் என்பதால் பாட்டுக்கு வேலையில்லை, என்னிடம் கொண்டுவரவும் இல்லை. பதினோரு நிமிஷம். மாமாவுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாள், அவர் தன் சின்ன வயசுக் கதையைச் சொல்கிறார், கிணற்றில் குதித்தது, தேர் பார்க்கப் போனது, இவளைப் பெண் பார்க்க வந்தது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டு, இதயெல்லாம் ஊருக்குப் போட்டுறாத புள்ள என்கிறார். அக்காவின் குரல் அதில் ஏழு தடவை வருகிறது, ஏழு தடவையும் ஒரே சொல்தான். மேலே சொல்லுங்கள் என்பதற்கு எங்கள் பக்கம் எல்லாரும் கேட்பதுபோல், அப்பறம் என்று கேட்கிறாள்.

"இந்த ஒரு வார்த்தைதான் கெடைக்குமுங்களா?" என்றேன்.

"பதிவுல உள்ள அளவுக்குத்தான் சார். அதே தொனியில. மத்தபடி இனி அவங்க வாயில எந்தச் சத்தமும் வராது, அந்த மெஷின் சத்தமும் நின்னுடும். இங்க ஒரு கையெழுத்து. இதோட இந்த சேனல் சம்பந்தப்பட்ட எல்லாக் கோரிக்கையும் முடிஞ்சுது, இனிமே யாரும் எங்ககிட்ட வர முடியாதுன்னு அர்த்தம்."

"ஊர்ல இன்னும் நாப்பத்து மூணு பேரு இருக்காங்க சார்."

"அவங்க ஒரிஜினல் இருக்கா?"

"இல்லைங்க."

"அப்ப அவங்களுக்கு இதனால என்ன நஷ்டம்?"

யாராவது ஒருவர் வீட்டில், ஏதாவது ஒரு பழைய போனில், ஒரு கல்யாண வீடியோவில் ஏதாவது அகப்படாதா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் கம்பெனி மனசு மாறாதா என்றெல்லாம் எனக்கு ஓடியது. அக்காவிடம் சொன்னேன். ஒரே வார்த்தைக்கா, பழனாத்தாளை நெனச்சுப் பாருங்கக்கா என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், இல்லை. இடது கையால் பேனாவை எடுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவதுபோல் கோணல்மாணலாகப் பெயரை எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன். ஊருக்குத் திரும்பியதும் கம்பெனிக்காரன் யாருக்கும் எதுவும் தர முடியாது என்று சொல்லிவிட்டான் என்று சொன்னேன். நாற்பத்து மூன்று பேரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். உண்மையை இதற்கு முன் யாரிடமும் நான் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போனபோது நடுமத்தியானம். நானும் கூடப் போனேன். மாமா வாசலில் வேப்ப நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சவரம் செய்யாத முகம் பாதியாகியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு, "யாரது?" என்றார்.

அக்கா அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். நான்கு தடவை வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தமே வரவில்லை. பிறகு வந்தது.

"அப்பறம்?"

மாமாவின் கை இரண்டும் காற்றில் நின்றன. அவர் அழுவார் என்று நினைத்தேன், சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

"எங்க புள்ள போயிருந்த?"

"அப்பறம்?"

"நாப்பது நாளு. ஒரு வார்த்த சொல்லீட்டுப் போகக் கூடாதா? நான் என்ன பண்ணினேன் உன்னய?"

"அப்பறம்?"

"அப்பறமென்ன அப்பறம். நீ இல்லாதப்ப இங்க நடந்தது உனக்கென்ன தெரியும்? இந்தச் சென்னியப்பனும் அவனோட ஆளுகளும் ஊட்டுக்குள்ள ஒரு தறியக் கொண்டாந்து உட்டுப்போட்டானுக. அதான் பொண்டாட்டின்னு எங்கிட்டயே சொல்றானுக."

"அப்பறம்?"

கதை கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது சோறு ஊட்டுச்சு புள்ள. தலைக்கு எண்ண வெச்சுது. கை மட்டும் அப்பிடியே உன்ற கையாட்டவே இருந்துச்சு. மோதிர வெரலு தழும்புகூட இருந்துச்சு, பாத்துக்க. நான் ஏமாறுவனா? ஒரு நாளு கம்பிய எடுத்து அந்தக் கை மேலயே போட்டேன். எலும்பு ஒடஞ்ச சத்தம் எனக்கே கேட்டுது."

வேப்பமரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது.

"அப்பறம்?" என்றாள் அக்கா, அதே தொனியில்.

"அப்பறம் அது வரவேயில்ல" என்றார் மாமா. "பசிக்குது புள்ள, சோறு போடு."

அவள் உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். மாவுக்கட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் பிசைந்து, ஒரு வாய் உருட்டி அவர் வாய்க்கு நேராக நீட்டினாள். வாங்கித் தின்றுவிட்டு அவர் அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தார்.

"ஏம்புள்ள எடக்கையில ஊட்டற?" என்று கேட்டார்.

"அப்பறம்?" என்றாள்.